கண்டக்டர் கிடையாது, பாட்டும் கிடையாது... ஐந்து பித்தளைக் குழல்கள் ஜெயித்த கதை!

டிரம்பெட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக வரும் பேண்டு செட். குடியரசு தின அணிவகுப்பு. ஹீரோ அறிமுகக் காட்சியில் தியேட்டரே அதிரும் பி.ஜி.எம். எல்லாமே சத்தம், எல்லாமே கொண்டாட்டம்.

இப்போது வேறொரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சின்ன அரங்கம். மேடையில் அரைவட்டமாக ஐந்து பேர். மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை, குச்சியை ஆட்டி வழிநடத்தும் இசை நடத்துநரும் இல்லை. ஐந்து பேர் கையிலும் பளபளக்கும் பித்தளைக் குழல்கள். ஒருவர் லேசாகத் தலையசைத்து மூச்சை இழுக்கிறார். அதுதான் சிக்னல். அடுத்த நொடி ஐந்து குழல்களிலிருந்தும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கம்கூடக் கலையாத அளவுக்கு மெல்லிய ஓர் ஒலி எழும்புகிறது.

இதற்குப் பெயர் 'பிராஸ் குயின்டெட்'. பித்தளை வாத்தியங்களுக்கான சேம்பர் மியூசிக். அதாவது, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல், ஒரு பகுதியை ஒருவர் மட்டுமே வாசிக்கும் சிறு குழு இசை.

இந்தக் கலைஞர்களுக்கு ஒரு விசித்திரமான பிரச்னை இருந்தது. வாத்தியம் இருந்தது, திறமை இருந்தது, கேட்க ஆளும் இருந்தார்கள். ஆனால், வாசிக்கப் பாட்டு இல்லை!

வயலின்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவுக்கு ஹைடன் மட்டுமே 68 படைப்புகள் எழுதியிருக்கிறார். பீத்தோவன் 16. ஓர் ஆயுள் முழுக்க வாசித்தாலும் தீராத சொத்து அது. பித்தளைக் குழல்காரர்களுக்கு பீத்தோவன் விட்டுச்சென்றது என்ன தெரியுமா? நான்கு டிராம்போன்களுக்கான மூன்றே மூன்று குட்டிப் படைப்புகள். 1812-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், இறந்தவர்களை நினைவுகூரும் நாளுக்காக அவர் எழுதிக்கொடுத்தவை. 1827-ல் பீத்தோவனின் இறுதி ஊர்வலத்திலேயே அந்த இசை ஒலித்தது என்பது தனிச்சோகம்.

சொத்து எதுவும் இல்லாத அந்தக் குடும்பம் கடந்த 70 ஆண்டுகளில் எப்படித் தன் சொத்தைத் தானே சம்பாதித்துக்கொண்டது என்பதுதான் இந்தக் கதை.

யார் அந்த ஐவர்?

முதலில் அறிமுகம். குழுவில் இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டூபா.

டிரம்பெட் வீட்டின் துறுதுறு பிள்ளை. உள்ளே சுருண்டிருக்கும் குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். அதனால் சுருதி உயரம், குரல் கூர்மை.

ஹார்ன் கொஞ்சம் மர்மமான ஆள். கிட்டத்தட்ட 3.7 மீட்டர் குழாயை வட்டமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதன் விரிந்த வாய் ரசிகர்களைப் பார்க்காது, பின்பக்கம் திரும்பியிருக்கும். வாசிப்பவரின் வலது கை அந்த வாய்க்குள்ளேயே இருக்கும். கையை உள்ளே தள்ளியும் இழுத்தும் ஒலியின் நிறத்தை மாற்றுவார்.

டிராம்போனில் பொத்தான்கள் கிடையாது. பதிலாக, முன்னும் பின்னும் நகரும் நீண்ட ஸ்லைடு. 2.7 மீட்டர் குழாய். மனிதக் குரலுக்கு மிக அருகில் இருக்கும் வாத்தியம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. கமகம் மாதிரி ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல இதனால் முடியும்.

கடைசியாக டூபா. மடியில் குழந்தையைப்போல உட்கார்ந்திருக்கும் பெரிய உருவம். வகையைப் பொறுத்து அதன் குழாய் 5 மீட்டரைக்கூடத் தாண்டும். வீட்டின் அஸ்திவாரம் இவர்தான்.

நம்ம ஊர் கொம்பும் இதே ஜாதிதான்!

நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. புல்லாங்குழலில் காற்று விளிம்பில் மோதி ஒலி பிறக்கிறது. பித்தளைக் குழல்களில் அதிர்வது எது? வாசிப்பவரின் உதடுகள்!

கிண்ணம் போன்ற மவுத்பீஸில் உதடுகளை அழுத்தி, 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட வேண்டும். அந்த அதிர்வைக் குழாய் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. நம் ஊர்த் திருவிழாவில் ஊதப்படும் கொம்பும் எக்காளமும் வேலை செய்வது இதே முறையில்தான். கொம்பில் துளைகள் கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டுமே சில சுருதிகளைக் கொண்டுவருவார்கள். எல்லா ஸ்வரங்களும் வராது. இயற்கை அந்தக் குழாய்க்கு அனுமதித்த ஸ்வரங்கள் மட்டுமே வரும்.

ஐரோப்பாவின் பழைய டிரம்பெட்டுக்கும் ஹார்னுக்கும் இதே கட்டுப்பாடு இருந்தது. ஹைடன், மொசார்ட் காலத்து ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் பெரும்பாலும் சில ஸ்வரங்களை மட்டும் முழங்கிவிட்டு, பக்கக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். முழு ராகம் பாட முடியாதவரிடம் யார் கச்சேரியை ஒப்படைப்பார்கள்?

திருப்புமுனை 1818. ஹைன்ரிஷ் ஷ்டோல்செல், ஃபிரீட்ரிஷ் ப்ளூமெல் என்ற இரு ஜெர்மன் இசைக்கலைஞர்கள் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பொத்தானை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு குட்டிக் குழாய்க்குள் சுற்றிவிட்டு வரும். அதாவது, குழலின் நீளம் ஒரு நொடியில் மாறும். இன்றைய டிரம்பெட்டில் இருக்கும் மூன்று பொத்தான்களைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் ஏழு விதமான நீளங்கள் கிடைக்கும். அத்தனை ஸ்வரங்களும் கைவசம்! 1835-ல் பெர்லினில் டூபாவுக்கும் காப்புரிமை பதிவானது. ஐவர் அணிக்கு ஆட்கள் தயார்.

கோபுரத்தில் காலை 10 மணி கச்சேரி

அப்படியென்றால் அதற்கு முன்பு பித்தளைக்குத் தனி இசையே இல்லையா? இருந்தது. ஆனால், அது கோயிலுக்கும் கோபுரத்துக்கும் உரியதாக இருந்தது.

இத்தாலியின் வெனிஸ் நகரில் உள்ள புனித மாற்கு பேராலயத்தில் எதிரெதிர் மாடங்கள் உண்டு. ஜியோவான்னி கேப்ரியேலி என்ற இசையமைப்பாளர் வாத்தியக்காரர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஒன்று கேள்வி கேட்க மற்றது பதில் சொல்வதுபோல எழுதினார். 1597-ல் அச்சான அவருடைய ஒரு படைப்பு, 'இங்கே மெதுவாக, இங்கே சத்தமாக' என்று காகிதத்திலேயே குறித்துக்கொடுத்த ஆரம்பகால இசைகளில் ஒன்று. அதில் பெரும்பங்கு டிராம்போன்களுக்குத்தான். ஸ்லைடு இருந்ததால், வால்வு வருவதற்கு முன்பே எல்லா ஸ்வரங்களும் டிராம்போனுக்குச் சாத்தியமாக இருந்தன.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இன்னொரு வழக்கம். நகராட்சி சம்பளம் வாங்கும் வாத்தியக்காரர்கள் தினமும் காலை 10 மணிக்கு நகர மன்றக் கோபுரத்தில் ஏறி வாசிக்க வேண்டும். யோஹான் பெட்சல் என்பவர் 1670-ல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'பத்தாம் மணி' என்ற பொருளில்தான் இருக்கும். 1685-ல் அவர் ஐந்து குரல்களுக்காகவே ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஐவர் அணிக்கு அதுவே முப்பாட்டன்.

இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. லைப்சிக்கில் பாக்கின் இசைக்கு டிரம்பெட் வாசித்த காட்ஃபிரீட் ரைஹே, 1734 அக்டோபரில் அரச குடும்பத்தின் முன் நடந்த இரவு நிகழ்ச்சியில் வாசித்தார். மறுநாள் தெருவில் விழுந்து இறந்தார். ஊதிய சிரமமும் தீப்பந்தங்களின் புகையும்தான் காரணம் என்று அந்தக் காலத்து ஊர்க் குறிப்பு சொல்கிறது.

சிவில் இன்ஜினீயர் எழுதிய இசை

வால்வு வந்துவிட்டது. இனி பெரிய இசையமைப்பாளர்கள் வரிசையில் நின்று எழுதியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 19-ம் நூற்றாண்டில் பித்தளை வாத்தியங்கள் ராணுவத்துக்கும் பூங்காவுக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி வரிசைக்கும் போய்விட்டன. வீட்டு வரவேற்பறைக்குள் அவற்றை யாரும் அழைக்கவில்லை.

விதிவிலக்காக வந்தவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த விக்டர் ஏவால்ட். 1860-ல் பிறந்த அவர் தொழில்முறை இசையமைப்பாளர் அல்ல. கட்டுமானத் துறைப் பேராசிரியர். பகலில் கல்லூரியில் பாடம், மாலையில் நண்பர்களுடன் இசை என்று வாழ்ந்த மனிதர். பித்தளை ஐவர் அணிக்கு அவர் எழுதிய படைப்புகள் ரஷ்ய நாட்டுப்புற மெட்டின் ஏக்கமும் நடனத் துள்ளலும் கலந்தவை. அவற்றில் ஒன்றுதான் பல காலம் வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது. மற்றவை மேற்கத்திய மேடைகளுக்கு வந்தது 1970-களில்தான். இன்று உலகெங்கும் இசைக் கல்லூரிகளில் பிராஸ் மாணவர்கள் முதலில் கையில் எடுக்கும் காகிதங்களில் அந்த இன்ஜினீயரின் பெயர் கட்டாயம் இருக்கும்.

'எங்களுக்கு எழுதிக் கொடுங்கள்!'

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. யாரும் எழுதித் தரவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்காமல், வாசிப்பவர்களே களத்தில் இறங்கினார்கள்.

லண்டனில் டிரம்பெட் கலைஞர் பிலிப் ஜோன்ஸ் 1951-ல் தன் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சிறு குழு. போகப்போக நான்கு டிரம்பெட், ஒரு ஹார்ன், நான்கு டிராம்போன், ஒரு டூபா என்று பத்துப் பேர் கொண்ட அமைப்பை அவர் நிலைநிறுத்தினார். அதன்பிறகு இசையமைப்பாளர்களுக்கு ஒரு புதிய வடிவம் கிடைத்தது. போலந்தின் லுடோஸ்லாவ்ஸ்கி 1982-ல் அவருடைய குழுவுக்காக மூன்று நிமிடப் படைப்பு ஒன்றை எழுதினார். சிறுசுதான், ஆனால் காரம் அதிகம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில், 1954-ல் டிரம்பெட் கலைஞர் ராபர்ட் நேகலும் டூபா கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸும் சேர்ந்து நியூயார்க் பிராஸ் குயின்டெட்டைத் தொடங்கினார்கள். ஃபிலிப்ஸ் ஒரு சுவாரஸ்யமான மனிதர். 'டூபா என்றால் பின்னால் உட்கார்ந்து உறுமுவது மட்டும்தானா?' என்ற கேலியை ஒழிப்பதையே வாழ்க்கை லட்சியமாக வைத்திருந்தவர். 1974 கிறிஸ்துமஸுக்கு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் 300-க்கும் மேற்பட்ட டூபா கலைஞர்களைத் திரட்டி வாசிக்கவைத்தார். அந்தக் கொண்டாட்டம் இன்றும் பல நகரங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது.

இந்தக் குழுவுக்காக 1961-ல் எழுதப்பட்டதுதான் மால்கம் அர்னால்டின் குயின்டெட். அர்னால்ட் யார் தெரியுமா? இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர். அதற்கு முன்பு லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை டிரம்பெட் கலைஞர். வாசித்துப் பழகிய உதடு என்பதால், எங்கே மூச்சு வாங்க இடம்விட வேண்டும், எங்கே வேகம் காட்டினால் கைதட்டல் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டு டிரம்பெட்டுகளும் துரத்திப் பிடித்து விளையாடும் முதல் பகுதி, துக்க ஊர்வலம்போல நகரும் நடுப்பகுதி, பட்டாசு மாதிரி வெடிக்கும் கடைசிப் பகுதி. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பித்தளை ஐவருக்கான நவீன இசையில் இன்றைக்கும் அதிகம் வாசிக்கப்படும் ஒன்று அது.

ஒரே ஊதல், இரண்டு பாதை

1960-ல் நியூயார்க்கில் அமெரிக்கன் பிராஸ் குயின்டெட் பிறந்தது. பத்தே ஆண்டுகளில், 1970-ல், கனடாவின் டொரான்டோவில் கனேடியன் பிராஸ் பிறந்தது. பாட்டு இல்லை என்ற ஒரே பிரச்னைக்கு இரு குழுக்களும் நேரெதிரான பதில்களைத் தேடின.

கனேடியன் பிராஸின் பதில்: 'இருப்பதை எடுத்து நமக்கேற்ப மாற்றிக்கொள்வோம்!' பாக் எழுதிய ஆர்கன் இசையை ஐந்து குழல்களுக்கு மாற்றினார்கள். ஜாஸ், ஓபரா, கிறிஸ்துமஸ் பாடல்கள் எதையும் விடவில்லை. கோட்டு சூட்டுக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, மேடையில் நகைச்சுவை, கையில் தங்க முலாம் பூசிய வாத்தியங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் வெளியிட்டார்கள். கிளாசிக்கல் கச்சேரி என்றாலே தூக்கம் வரும் என்று நினைத்திருந்த குடும்பங்களைக் குழந்தைகளோடு அரங்கத்துக்குக் கூட்டிவந்தது இந்தக் குழு.

அமெரிக்கன் பிராஸ் குயின்டெட்டின் பதில்: 'நமக்கென்றே எழுதப்பட்டதைத்தான் வாசிப்போம்.' பழைய கோபுர இசை, கேப்ரியேலி காலத்து இசை, அதைவிட்டால் நேராக இன்றைய இசை. பிரபலமான மெட்டுகளைக் கடன் வாங்குவதைத் தவிர்த்தார்கள். டூபா இடத்தில் பாஸ் டிராம்போனை வைத்ததும் இவர்கள்தான்; ஐந்து குரல்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக ஒலிக்கும் என்பதற்காக. அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. கைதட்டல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால், இதுவரை 150-க்கும் மேற்பட்ட புதிய படைப்புகள் இவர்கள் மூலம் மேடையேறியிருக்கின்றன. 1987 முதல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இவர்கள்தான் ஆஸ்தான பிராஸ் குழு.

இவர்களுக்காக 1974-ல் எழுதியவர்களில் ஒருவர் எலியட் கார்ட்டர். அவருடைய இசை எளிதானதல்ல. ஒரே சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர் ஐந்து விதமான மனநிலையில் ஒரே நேரத்தில் பேசினால் எப்படியிருக்கும்? அப்படி எழுதுபவர் அவர். முதல்முறை கேட்கும்போது குழப்பம், மூன்றாம் முறை கேட்கும்போது ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழத் தொடங்கும். 103 வயது வரை வாழ்ந்த கார்ட்டர், நூறைத் தாண்டிய பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

எது சரியான பாதை? முதல் குழு இல்லையென்றால் ரசிகர்கள் இல்லை. இரண்டாவது குழு இல்லையென்றால் நாளைக்கு வாசிக்க எதுவும் மிஞ்சாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால்தான் இந்தக் கலை நின்றது.

உதடுதான் எல்லை

பித்தளைக்கு எழுதுவது ஏன் கஷ்டம்? காரணம் இசை இலக்கணம் அல்ல, உடம்பு.

வயலின்காரர் முக்கால் மணி நேரம் தொடர்ந்து வாசிக்கலாம். பித்தளைக் கலைஞரின் உதட்டுத் தசை அப்படித் தாங்காது. உச்ச ஸ்தாயியில் சில நிமிடங்கள் விடாமல் ஊதினால் தசை தளர்ந்து, ஸ்வரம் பிசிறத் தொடங்கும். ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட்டுக்கு நிறைய ஓய்வு கிடைக்கும். ஐவர் அணியில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால் நல்ல இசையமைப்பாளர் ஓய்வையும் சேர்த்தே எழுதுவார். ஒருவர் பாடும்போது இன்னொருவர் மூச்சு வாங்குவார். இந்த வகைப் படைப்புகள் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் முடிவதற்கும் இதுவே காரணம்.

இடையிடையே வாத்தியத்தைச் சாய்த்துக் கீழே தண்ணீர் விடுவதைப் பார்த்து, 'எச்சில்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் பெரும்பகுதி, சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராக மாறுவதுதான். டம்ளரில் ஐஸ் வாட்டர் ஊற்றினால் வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான்.

ஒலியை மாற்றும் வித்தைகளும் உண்டு. குழலின் வாயில் செருகும் 'மியூட்' எனும் அடைப்பான், முழங்கும் டிரம்பெட்டை ரகசியம் பேசவைக்கும். அவற்றில் ஒன்று 'பிளஞ்சர்'. ஆமாம், சிங்க் அடைத்துக்கொண்டால் பயன்படுத்துகிறோமே, அதே ரப்பர் கிண்ணம்தான்! ஜாஸ் கலைஞர்கள் கண்டுபிடித்த இந்த உத்தி, கிளாசிக்கல் மேடைக்கும் வந்துவிட்டது. இத்தாலியின் லூசியானோ பெரியோ 1966-ல் டிராம்போனுக்காக எழுதிய தனி வாசிப்பில், கலைஞர் ஊதிக்கொண்டே வாத்தியத்துக்குள் குரல் கொடுக்க வேண்டும், நடுவில் 'ஏன்?' என்று கேட்கவும் வேண்டும். சிறுவயதில் தன் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்த குரோக் என்ற புகழ்பெற்ற கோமாளியின் நினைவாக பெரியோ எழுதியது அது.

செம்பைப் பார்த்து வளர்ந்த பெண்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாத்திரக் கடையில் பார்க்கும் அதே பித்தளைதான். இந்த உலோகத்தையே இசையாக்கியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் டவர்.

1938-ல் பிறந்த டவரின் அப்பா சுரங்கப் பொறியாளர். அவருடைய வேலை காரணமாகக் குடும்பம் தென் அமெரிக்காவின் பொலிவியாவுக்குக் குடிபெயர, கற்களும் தாதுக்களும் சூழ வளர்ந்தார் டவர். அமெரிக்கன் பிராஸ் குயின்டெட்டுக்காக 2006-ல் அவர் எழுதிய படைப்பின் பெயர் 'காப்பர்வேவ்'. செம்பு கனமானது, ஆனால் வளைந்துகொடுக்கும். அந்த இரண்டு குணங்களையும் அலை அலையாக எழும் ஒலிகளில் கொண்டுவந்தார். கனமான அலை ஒன்று, லேசான அலை ஒன்று. நடுவே சிறுவயதில் கேட்ட தென் அமெரிக்கத் தாளமும் எட்டிப் பார்க்கும்.

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே டவர் இன்னொரு வேலை செய்திருந்தார். ஏரன் காப்லாண்ட் 1942-ல் எழுதிய பித்தளை முழக்கம் ஒன்று அமெரிக்காவில் மிகப் பிரபலம். 'சாமானிய மனிதனுக்கு' என்று அதற்குப் பெயர். டவர் 1986-ல் அதே வகை வாத்தியங்களுக்குத் தன் முழக்கத்தை எழுதி, 'சாமானியமல்லாத பெண்ணுக்கு' என்று பெயர் வைத்தார்.

திரைக்குப் பின்னால் 16-வது ஆள்

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வலி இருக்கிறது. 'ஊத நுரையீரல் பலம் வேண்டும், அது ஆண்களுக்கே உண்டு' என்ற நம்பிக்கை இந்த உலகத்தில் வெகுகாலம் கோலோச்சியது.

1980-ல் ஜெர்மனியின் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா முதன்மை டிராம்போன் கலைஞரைத் தேடியது. அமெரிக்கரான ஆபி கோனன்ட்டுக்கும் அழைப்பு வந்தது. பெயரை வைத்து ஆண் என்று நினைத்து, 'திரு. ஆபி கோனன்ட்' என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். போட்டியாளர்களில் ஒருவர் குழுவுக்குத் தெரிந்தவரின் மகன் என்பதால், பாரபட்சம் வராமலிருக்க எல்லோரையும் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்தார்கள். மொத்தம் 33 பேர். 16-வதாக வாசித்தவரைக் கேட்டதும் இசை நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கே துள்ளிக் குதித்தார். மீதமிருந்த 17 பேரும் வாசிக்காமலேயே திருப்பியனுப்பப்பட்டார்கள். திரை விலகியது. நின்றது ஒரு பெண்.

வேலை கிடைத்தது. ஆனால், சில காலத்திலேயே அவரை இரண்டாம் நிலைக்கு இறக்கினார்கள். முதன்மை இடத்துக்கு ஆண்தான் வேண்டும் என்பதே நடத்துநரின் நிலைப்பாடு. கோனன்ட் நீதிமன்றம் போனார். தன் உடல் தகுதியை நிரூபிக்க, நுரையீரல் மருத்துவமனையில் ஊதிக் காட்டி பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. முடிவுகள் மிகச் சிறப்பாக இருந்ததால், 'நீங்கள் விளையாட்டு வீராங்கனையா?' என்று கேட்டாராம் அங்கிருந்த செவிலியர். இடம் திரும்பக் கிடைத்த பிறகு, ஆண்களுக்கு இணையான சம்பளத்துக்காக இன்னொரு சட்டப் போராட்டம். அதிலும் ஜெயித்தார். எல்லாம் முடிய 13 ஆண்டுகள் ஆயின.

அதன்பிறகு ஜெர்மனியின் ட்ரோசிங்கன் இசைப்பள்ளியில் பேராசிரியரானார் கோனன்ட். கணவரும் இசையமைப்பாளருமான வில்லியம் ஆஸ்போர்ன் அவருக்காக எழுதிய, நாடகமும் டிராம்போனும் பாட்டும் கலந்த சேம்பர் படைப்புகளை ஊர் ஊராக மேடையேற்றினார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா மறுத்த இடத்தைச் சிறு மேடை கொடுத்தது.

அந்தக் கதவு இன்று முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. 2006-ல் கேரல் யான்ட்ச் என்ற கல்லூரி மாணவி, ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை டூபா கலைஞராகத் தேர்வானார். நார்வேயின் டிரம்பெட் நட்சத்திரம் டீனே திங் ஹெல்செத், 2007-ல் 'டென்திங்' என்ற பத்துப் பெண்கள் கொண்ட பிராஸ் குழுவைத் தொடங்கினார். அவர்கள் மேடையேறும்போது நுரையீரல் சோதனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்து என்ன வாசிப்பார்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

இயர்போன் ரெடியா? இந்த ஐந்தில் தொடங்குங்கள்

இந்த இசை புதிதாக இருந்தால், கீழ்க்கண்ட வரிசையில் கேட்பது எளிது. முடிந்தால் ஸ்பீக்கரைவிட இயர்போன் நல்லது. ஐந்து குரல்களும் தனித்தனியாகப் புரியும்.

1. விக்டர் ஏவால்ட், குயின்டெட் எண் 1: மெட்டு சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். ஹார்ன், டூபாவின் குரல்களைக் கவனியுங்கள்.

2. மால்கம் அர்னால்ட், பிராஸ் குயின்டெட் எண் 1: சினிமா இசை பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

3. எரிக் எவாசென், 'கோல்செஸ்டர் ஃபேன்டசி': 1987-ல் எழுதப்பட்டது. நான்கு பகுதிகளுக்கும் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் ஊரில் உள்ள மதுக்கூடங்களின் பெயர்கள்! நவீன இசை என்றாலே கரடுமுரடு என்ற பயத்தைப் போக்கிவிடும்.

4. லுடோஸ்லாவ்ஸ்கி, 'மினி ஓவர்சர்': மூன்றே நிமிடம். டீ ஆறுவதற்குள் கேட்டுவிடலாம்.

5. ஜோன் டவர், 'காப்பர்வேவ்': மற்ற நான்கையும் கேட்ட பிறகு வாருங்கள். ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அலைகள் புரியத் தொடங்கும்.

இரண்டாவது முறை வாசிக்கப்படுவதுதான் வெற்றி

புதிய இசைக்கு முதல் மேடை கிடைப்பது பெரிய விஷயமில்லை. எழுதச் சொன்னவர்களே வாசித்துவிடுவார்கள். வேறு ஊரில், வேறு ஐந்து பேர், யாரும் கட்டாயப்படுத்தாமல் அதே காகிதத்தைக் கையில் எடுக்கும்போதுதான் அது பிழைக்கிறது. ஏவால்டின் இசைக்கு அது நடக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அர்னால்டுக்கும் எவாசெனுக்கும் அவர்கள் வாழ்நாளிலேயே நடந்தது. இன்று பித்தளை வாத்தியம் கற்றுத்தரும் மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் மாணவர் ஐவர் அணிகள் சகஜம். அவர்கள் வாசிப்பதில் பெரும்பகுதி அவர்களின் தாத்தா பாட்டி பிறந்தபோது எழுதப்படாதது.

பீத்தோவன் எழுதித் தரவில்லையே என்று காத்திருந்தால், இந்தக் குழல்கள் இன்னமும் ஊர்வலத்திலும் கடைசி வரிசையிலும்தான் இருந்திருக்கும். கேட்டு வாங்கினார்கள், கிடைத்தது. அடுத்த முறை கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் சத்தம் கேட்டால், சத்தத்துக்குப் பின்னால் அந்தக் கலைஞரின் உதட்டையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். அந்தக் குழலுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும்.